மாமனாரின் பிக்கப்பை நான் சரிசெய்த கதை

கொங்கு நாட்டில் மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. நாம் என்ன உளறினாலும் மனைவி வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். "அப்படீங்களா மாப்ள" என்று தலையாட்டுவார்கள். கல்யாணமான புதிதில் அதை நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (அப்போது எனக்கு வயது இருபத்தேழு. அறிவு அதில் பாதி.)

மாமனாருக்குக் கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு. தேங்காய் ஏற்ற ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். ஒருநாள் அதை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்கே தகவல் போனது. எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு வழிவிடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நானோ துடியலூரில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர். சும்மா இருக்க முடியுமா? கொழுந்தியாளின் நிச்சயத்துக்குள் வண்டியைச் சரிசெய்து, அத்தனை சொந்தபந்தத்தின் முன்னாலும் பேர் வாங்கிவிடுவது என்று முடிவுகட்டினேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் மாமனார் வெளியே போயிருந்தார். மனைவியை உட்கார வைத்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை, அதாவது டை ராடு எண்டு, விழப்போகும் பல்லைப் போல ஆடியது. கண்டுபிடித்துவிட்டேன்! (கண்ணில் கொஞ்சம் துருவும் விழுந்தது.)

மெக்கானிக் சலீம் பாய் நான் சொன்னது சரிதான் என்றார். அதை மாற்றி, ஸ்டியரிங் பாக்ஸையும் இறுக்கிக் கொடுத்தார். கிளம்பும்போது, "உங்க மாமனாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அவரு கை பழைய ஆட்டத்துக்குப் பழகுனதுங்க" என்றார்.

"வேண்டாங்க பாய். ஓட்டுறப்ப அவரே தெரிஞ்சுக்குவாருங்க" என்றேன்.

தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை, மாப்பிள்ளை வீட்டார் கார் நிற்க இடம் வேண்டுமென்று மாமனார் வாசலில் நின்ற பிக்கப்பை நகர்த்தப் போனார். சமையல் பந்தலைத் தாண்டியதும் திரும்ப வேண்டும். அவர் கை வழக்கம்போல முன்கூட்டியே கால் சுற்று திருப்பிவிட்டு, வண்டி திரும்பக் காத்திருந்தது. வண்டி காத்திருக்கவில்லை. உடனே திரும்பிப் பந்தலுக்குள் புகுந்தது. சமையல்காரர் கரண்டியோடு தாவி ஒதுங்கினார். சாம்பார் அண்டா கவிழ, பின்னாலேயே பொரியலும் பாயசமும் போயின. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தாராபுரத்திலிருந்து கிளம்பிப் பாதி தூரம் வந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் போன் வந்தது.

"மாமா... ஸ்டியரிங்கை நாந்தானுங்க சரிபண்ணினேன்" என்றேன்.

சாம்பாருக்குள் இறங்கி, வெள்ளை வேட்டியில் பருப்பு வழிய நின்ற மாமனார் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "நெம்ப நல்லா வேலை செய்யுதுங்க மாப்ள" என்றார்.

ஒரு அறை விட்டிருந்தால்கூட அத்தனை அவமானமாக இருந்திருக்காது.

வந்தவர்களுக்குத் தயிர்சோறும் ஊறுகாயும் வாழைப்பழமும் போட்டோம். எப்படியோ நிச்சயம் நடந்துவிட்டது. அன்று தயிர்சோறு சாப்பிட்ட மாப்பிள்ளை இன்று எனக்குச் சகலை. வீட்டில் எந்த விசேஷமானாலும், பந்தி தொடங்கும் முன் என்னைத் தேடி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மிகுந்த மரியாதையோடு விசாரிப்பார்: "ஏனுங்க சகல, காலைல இருந்து எதையும் சரிபண்ணலீங்களே?"

இல்லை என்று நான் தலையாட்டிய பிறகுதான் இலை போடுகிறார்கள்.