பாட்டு நின்ற இடத்தில் போர்த்திய பொன்னாடை

ஒரு பாட்டு எங்கே முடிகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் தட்டினால் நானும் தட்டுவேன். (எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பிவிட்டது.) ஒரே ஒரு நாள்தான் நானாக முடிவெடுத்தேன்.

சுவிஸில், லுசேர்ண் நகரில் நான் சமைக்கும் ஹோட்டலுக்கு அமெரிக்காவிலிருந்து வயதான ஒரு பாடகி கச்சேரிக்கு வந்திருந்தார். அவருடைய ஒரு ரிதம் அண்ட் புளூஸ் பாட்டு ஐம்பது வருடமாக உலகம் சுற்றுகிறது. பின்னால் நின்று பாடும் உள்ளூர்க் குழுவில் என் மகள் ஆரணி. அந்தப் பாட்டில் ஒரு வரி அவளுக்கு மட்டும். மூன்று மாதமாகக் குளியலறையில் அதே வரிதான்.

"அப்பா, நீங்கள் சும்மா இருந்தாலே காணும், வேறொன்றும் வேண்டாம்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

பெரிய கலைஞரை வெறுங்கையோடு அனுப்பலாமா? கோயில் திருவிழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடை அலுமாரியில் கிடந்தது. (அன்னதானச் சாம்பாருக்குக் கிடைத்தது.) மடித்து எடுத்துக்கொண்டேன்.

பாட்டு ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. ஒருவரும் தட்டவில்லை. சுவிஸ்காரருக்குக் கூச்சம் போலும் என்று நானே பலமாகத் தட்டியபடி மேடையேறி, கண்மூடி நின்ற அந்த அம்மாவுக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டேன். கமராவைத் தேடிப் பல்லைக் காட்டும்போதுதான் ஆரணியின் முகத்தைக் கண்டேன்.

"அப்பா, பாட்டு இன்னும் முடியேல்லை" என்று காதருகே வந்து மெதுவாகச் சொல்லி, காரணத்தையும் சொன்னாள்.

பாட்டைப் பதிவுசெய்ய இருந்த கிழமையில், ட்ரம்ஸ் வாசிக்கும் அந்த அம்மாவின் தம்பி இறந்துபோனாராம். தம்பி தனியாக வாசிக்கவேண்டிய இடத்தை வேறொருவருக்கும் அவர் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த இடம் வெறும் மௌனம். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இதைத்தான் சொன்னாராம். நான் வரவேற்புரை என்று நினைத்து மண்டபத்து விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இறங்க ஓடினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பொன்னாடையை இழுத்துப் போர்த்தி, கண்ணை மூடி, அந்த மௌனத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

வாழ்க்கையில் நான் வாய்மூடி நின்றது அப்போதுதான். அவருடைய விரல்கள் என் கையில் மெல்லத் தாளம் போட்டன. தம்பி வாசிக்கிறார் என்று எனக்கு விளங்கியது. விரல்கள் நின்றதும் ஆரணியின் குரல் எழுந்தது. இது நான் பெற்ற பிள்ளைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது அந்த அம்மா போகிற ஊரெல்லாம் தம்பியின் கதையோடு என் கதையையும் சொல்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆரணி வீடியோவைப் போட்டுக்காட்டி விளக்கம் கொடுப்பாள்:

"இந்தப் பாட்டின்ரை வரலாற்றிலை ரெண்டே ரெண்டு ஆம்பிளையள். ஒராள் செத்தும் வாசிக்கிறார். மற்றவர் எங்கட அப்பா, உயிரோடை இருந்து குழப்பினவர்."