வாடகை வீட்டில் ஒன்பது மீன்கள்

நான் ஒரு மதப்பிரிவையே தோற்றுவித்தவன். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அதன் பெயர் சைவ கிறிஸ்தவம். தோன்றிய இடம், ஓசூரில் ஒரு வீட்டு வாசல். மொத்த உறுப்பினர்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு அப்போது வயது மூன்று.

உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். (வீட்டில் அந்தப் பொறுப்பு என் மனைவி ஸ்டெல்லாவுடையது.) கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு தேடி நான்கு மாதம் நாயாக அலைந்தோம். எங்கள் பெயரைக் கேட்டதுமே "நான்வெஜ் செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார்கள். கடைசியாகக் கிடைத்தது வெங்கடேசப்பாவின் மாடி. கீழே அவர் குடியிருந்தார். குழாயில் தண்ணீர் வந்தது, மகள் ரீட்டாவைச் சேர்க்க நினைத்த பள்ளி அடுத்த தெருவிலேயே இருந்தது. இதையும் விட்டால் குடும்பத்தோடு சொந்த ஊர் கல்லாவிக்குத் திரும்பி, அங்கிருந்து தினமும் மூன்று பஸ் மாறி வர வேண்டியதுதான்.

"கிறிஸ்டியனா? அப்ப கறி மீனு எல்லாம் பண்ணுவீங்களே சார்?" என்றார்.

"இல்லீங்க ஓனர். நாங்க சைவ கிறிஸ்டியன்."

"அப்பிடிக்கூட இருக்காங்களா?"

"கொஞ்சம் பேருதாங்க இருக்கோம்."

சாவி கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தூருக்கு, மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு வாரத்து மீனையும் ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு வருவது என்று திட்டம். திட்டத்தில் ஒரே ஓட்டை, ஸ்டெல்லாவின் படம்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன எண்ணெய் ஓவியம் அது. நாலடி அகலம். தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒன்பது மீன்கள், கூடையிலிருந்து மரப்பலகை மேல் சரிந்து கிடக்கும். செதிலில் ஈரம் மின்னும். பெரிய மீனின் செவுளோரம் ஒரு சொட்டு ரத்தம், பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். நூறு வருடம் கழித்தும் குழம்பு வைக்கலாம் போலிருக்கும். என் மாமனார் அதைக் கல்யாணத்துக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார்.

"கட்டிலுக்கு அடியில வச்சிடலாமே" என்றேன்.

"எங்கப்பா குடுத்தது. கட்டிலுக்கு அடியில வேணும்னா நீங்க படுத்துக்கோங்க" என்றாள்.

கூடத்தில் மாட்டி, மேலே போர்வையைத் தொங்கவிட்டேன். பால் காய்ச்சிய அன்று வெங்கடேசப்பா வெற்றிலை பாக்கு பழத்தோடு மாடியேறி வந்தார். ரீட்டா ஓடிப்போய்ப் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்து, "மீனு!" என்று அறிமுகப்படுத்தினாள்.

ஓனர் கன்னடத்துக்கே மாறிவிட்டார். "ஏனு சார் இது?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்கு மாத அலைச்சலும் மூன்று பஸ்ஸும் கண் முன்னால் வந்தன. "சாமி படங்க" என்றேன். "எங்க ஆண்டவர் அஞ்சு அப்பத்தையும் ரெண்டு மீனையும் வச்சு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாருங்க."

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். "அப்பம் எங்க?"

"சாப்ட்டுட்டாங்க."

"மீனு ஒம்போது இருக்குதே?"

"அதாங்க அற்புதம்."

ஸ்டெல்லா பால் பொங்குவதைப் பார்க்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். ஓனரின் முகம் இன்னும் தெளியவில்லை. பிறகு கண்ணில் எலுமிச்சம்பழம் பட்டது. "எலுமிச்சம்பழம் எல்லாம் வச்சிருக்காங்க. சாமி படமேதான்" என்று கைகூப்பினார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலையோடு வந்து, சூடம் காட்டி, பெரிய மீனின் நெற்றியில் குங்குமம் வைத்தார். அவர் வீட்டுப் பூனை மாடியேறி வந்து படத்துக்கு எதிரே அசையாமல் உட்கார ஆரம்பித்தது. "வாயில்லா ஜீவனுக்கு இருக்கற பக்தியப் பாருங்க" என்று அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வந்து காட்டினார். ஸ்டெல்லா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ரீட்டா சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் வீடு மந்திரிக்க எங்கள் பங்குச்சாமியார் வந்தார். பின்னாலேயே மாலையோடு ஓனர். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கூடத்துக்கு வந்து, மாலையும் குங்குமமுமாக இருந்த மீனைப் பார்த்து நின்றார்.

"சாமி, உங்க ஆண்டவரோட அற்புதம்தானே இது?" என்றார் ஓனர்.

ஃபாதர் படத்தைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். எனக்கு மூட்டை முடிச்சோடு கல்லாவி பஸ்ஸில் ஏறுகிற காட்சி தெரிந்தது.

"உயிர்த்து வந்த ஆண்டவர் கரையில நின்னுகிட்டு, 'இப்ப புடிச்ச மீன்ல கொஞ்சம் கொண்டாங்க'ன்னு சீடருங்ககிட்ட கேட்டாரு. வேதத்துல இருக்குது" என்றார் நிதானமாக. அவர் பொய் சொல்லவில்லை. படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஓனர் கண் கலங்கிக் கும்பிட்டார்.

அவர் கீழே போனதும் ஃபாதர் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். பாவசங்கீர்த்தனம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நடந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பரிகாரமாகப் பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன்.

"சைவம்னு அந்த நல்ல மனுசனுக்கு வாக்கு குடுத்திட்டியா?"

"ஆமாங்க ஃபாதர்."

"அப்ப சைவமா இரு. இந்த வீட்ல குடியிருக்கற வரைக்கும். வெளியிலயும்தான். அதான் உன் அபராதம்."

"ஸ்டெல்லாவும் குழந்தையும்?"

"அவங்க வீட்டுக்குள்ள சமைக்காம இருந்தாப் போதும். பொய் சொன்னது நீதானே?"

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. வேறு வீடு பார்க்கலாம் என்று நான் கெஞ்சாத மாதமில்லை. ஒருமுறை துணிந்து ஓனரிடமே சொன்னேன். "நீங்க போறதுன்னா போங்க சார். சாமிய மட்டும் கிளப்பக் கூடாது" என்றார். அப்பா கொடுத்த படத்தை விட்டுவிட்டு வர ஸ்டெல்லா தயாராக இல்லை. என்னை விட்டுவிட அவளுக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. எந்த வீட்டுக்காகப் பொய் சொன்னேனோ, அந்த வீட்டிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தூருக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. அபராதம் ஆரம்பித்த முதல் வாரமே, தட்டில் மாமியார் வைத்த மீன் வறுவலைப் பார்த்ததும் ரீட்டா சிலுவை போட்டு, அதைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் வாயில் வைத்தாள். வீடே உருண்டு சிரித்தது. மிளகாய்த்தூள் எரிந்து அவள் அழுத அழுகையையும் சேர்த்து இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இப்போதெல்லாம் எந்தச் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் மீன் வந்தால், சின்னவர் பெரியவர் எல்லாரும் முதல் துண்டைத் தூக்கி, பந்தியின் கடைசியில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருக்கும் என் பக்கம் திரும்பி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.