பதினொன்றாம் நம்பர் யாரிடம் இருந்தது?

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆள் உயரத்துக்கு முள் மண்டிக் கிடந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டேன். முதல் மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் அதே இடத்தில் மறுபடி போட்டேன். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய பிரஸ் மிஷினுக்கு நானே கியர் வெட்டி மாட்டினேன். படித்த இன்ஜினீயர்கள் வந்து, இது ஓடக்கூடாதே என்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அது இருபது வருஷம் ஓடியது. ஒரு பிரஸ் ஆறானது, நாலு ஆள் நாற்பது ஆளானது. பேங்க் மேனேஜர் என்னை உட்காரச் சொல்ல ஏழு வருஷம் பிடித்தது. உட்கார்ந்த பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை.

இத்தனையும் கட்டினவன் சொல்கிறேன்: பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் ரிட்டன் மாதிரி இன்னொரு பிறவி கிடைக்காது. கடவுள் நேரில் வந்து வரம் கொடுத்தால்கூட, "ஒரு நிமிஷம் நீங்களே வச்சுக்கோங்க சாமி, திருப்பிக் கேட்டா குடுக்குறீங்களான்னு பாத்துக்கறேன்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

ரிட்டன் என்பது எஸ்டேட் வைத்த பெயர். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். தொண்ணூறுகளின் கடைசியில் எஸ்டேட்டில் பாதிக் கம்பெனிகளுக்கு அவர்தான் டாக்டர். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவார். அம்பத்தூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் வைத்திருந்தார். சாயங்காலம் சைக்கிளை விட்டு டோக்கன் வாங்குவார், பத்து அடி நடப்பார், திரும்பி வந்து டோக்கனை நீட்டுவார். சைக்கிள் வந்ததும் மணியை ஒருதரம் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒப்படைப்பார். ஸ்டாண்டுக்காரன் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டான்: "யோவ், தெனிக்கும் ரெண்டு தபா இன்னாத்துக்குய்யா இந்தக் கூத்து?"

"குடுத்தது வருதான்னு பாத்தேன் நைனா. நாளிக்கி உன் மேல சந்தேகம் வராது பாரு."

திங்கள்கிழமை தோறும் எஸ்டேட் வாசல் தபால் பெட்டியில் தன் பெயருக்கே ஒரு கார்டு போடுவார். அது வீட்டுக்கு வந்து சேர்ந்ததும்தான் அந்த வாரம் அவருக்கு வாரமாகத் தோன்றும். பெண் பார்க்கும்போதும் தரகரிடம் போட்டோவைக் கொடுத்துவிட்டு, மறுநாளே போய் அதைத் திருப்பிக் கேட்டாராம். பெண் வீட்டார் பயந்து போய் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. போட்டோ வந்துவிட்டதே.

என் கம்பெனிக்கு அவர் முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எங்களிடம் ஐந்து கம்ப்யூட்டர்கள். ஒயர் போட்டு ஒன்றோடொன்று இணைத்திருந்தோம். என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தான். திரை கிடையாது, எழுத்துப் பலகை கிடையாது, முகமே இல்லாத கம்ப்யூட்டர். முன்னால் ஒரு பச்சை விளக்கு மட்டும். மற்ற கம்ப்யூட்டர்களில் இருப்பதையெல்லாம் தினமும் மாலை நாலரைக்கு ஒரு நகல் எடுத்து இதற்குள் போட்டுவைத்தால், நாளைக்கு ஒன்று செத்தாலும் கவலையில்லை என்றான். ஆட்கள் அதற்கு ஊமை என்று பெயர் வைத்தார்கள். நான் ரிட்டனிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன்.

"போட்டது திரும்பி வருமா மொதலாளி?" என்றார்.

"போட்டா உள்ளதானய்யா இருக்கும்?"

"இருக்கறது வேற, வர்றது வேற."

அன்றே அவரை வைத்துக்கொண்டேன். நல்ல ஆளை ஒரு பேச்சில் பிடிப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. வெள்ளிதோறும் வருவார். ஊமைக்குள் இருந்து ஏதாவது ஒரு டிராயிங்கைத் திருப்பி எடுப்பார். அது வந்தால்தான் டீ குடிப்பார். எடுக்கும்போது கண் திரையில் இருக்காது, பெட்டியின் பச்சை விளக்கில் இருக்கும். அது சிமிட்டினால் தலையை ஆட்டிக்கொள்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் எல்லாம் மொத்தமாக ஓயும். மெயினை இறக்கிவிட்டு, பிரஸ்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். ஊமைக்கும் பொட்டு வைத்தோம். எங்கள் டிராயிங் போடும் ஸ்டெல்லா மாதா கோயிலுக்குப் போகிற பெண். அவள்தான் எல்லாவற்றுக்கும் நேராகப் பொட்டு வைப்பாள்.

நாலு நாள் லீவு முடிந்து திறந்தோம். திறக்கும்போது ஒரு வரிசை உண்டு. முதல் பிரஸ்ஸை என் கையால் ஓட்டுவேன். கம்ப்யூட்டர் என்றால் முதலில் முதலாளி அறையில் இருப்பது, அப்புறம் மேனேஜருடையது, அப்புறம் மற்றவை. ஊமை கடைசி. பேசாதவனுக்கு என்ன அவசரம் என்று அட்டெண்டர் தயாளன் எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே போட்டான்.

அன்றைக்கென்று ரிட்டனுக்கு மெட்ராஸ் ஐ. கண் இரண்டும் பூந்தமல்லி மார்க்கெட் தக்காளி மாதிரி. வாசலிலேயே நிறுத்தினேன். பிரஸ் ஓட்டுகிற ஒருவனுக்கு அது ஒட்டிக்கொண்டால் விரல் போகும், விளையாட்டில்லை. சரியாகும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மனுஷன் விடவில்லை. வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி பூத்திலிருந்து போன் செய்து, ஸ்டெல்லாவை ஒரு டிராயிங்கைத் திருப்பி எடுக்கச் சொன்னார். எடுத்தாள். வந்தது. பச்சை விளக்கு சிமிட்டியதா என்று கேட்டார். அவள் பார்க்கவில்லை. மறுபடி எடு, விளக்கைப் பார் என்றார். நான் போனைப் பிடுங்கினேன். வந்துவிட்டதல்லவா, போய்ப் படுய்யா என்றேன்.

"வந்துது சரி மொதலாளி. எங்கருந்து வந்துது?"

கண்வலி மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்தேன்.

பூஜை முடிந்து பதினைந்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டர் கறக் கறக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அதற்குள்தான் லாரி பாகங்களுக்கான டை, அதாவது தகட்டை வெட்டி வளைக்கிற அச்சு, அதன் முப்பத்தேழு டிராயிங்குகள் இருந்தன. வாங்குகிற கம்பெனி சொன்னபடி பதினைந்து நாளாக அவள் ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தாள். பிரிண்ட் எடுப்பது அன்றைய வேலை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்களுடைய பரிசோதனை அதிகாரி வருகிறார். டிராயிங் கையில் இல்லையென்றால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு. அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் ஆறாவது பிரஸ்ஸே வாங்கியிருந்தேன்.

எல்லாவற்றையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். தயாளன் மெயினை இறக்கி ஏற்றினான். செத்தது எழவில்லை. ரிட்டனுக்கு ஆள் அனுப்பினேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். ஊமையைத் திறந்து பார்த்தார். உள்ளே பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கோடுகூட இல்லை.

ஸ்டெல்லா அழவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. தினமும் நாலரைக்கு 'முடிந்தது' என்றுதான் வந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். ரிட்டன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. முடிந்தது என்று வந்திருந்தால் எங்கேயோ முடிந்திருக்கிறது என்றார். அது எங்கே என்பதுதான் அவருக்கு வேண்டும். ஆர்டர் எல்லாம் அப்புறம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். டாக்டர் வீட்டில் டோக்கன் கொடுப்பது போல, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர். முதலில் வந்து கேட்பதற்குப் பதினொன்று, அடுத்ததற்குப் பன்னிரண்டு. ஊமையை மாட்டிய நாளில் அதுதான் முதலில் கேட்டது. அதனால் நகலையெல்லாம் பதினொன்றாம் நம்பருக்கு அனுப்பு என்று எழுதி வைத்தாயிற்று. ஆளைப் பார்த்து அனுப்புவதில்லை, நம்பரைப் பார்த்துத்தான். தினமும் அணைப்பதில் நம்பர் மாறாது, மெயின் இறங்கி டோக்கன் கொடுப்பதும் ஓய்ந்தால்தான் வரிசை முதலிலிருந்து தொடங்கும். பூஜைக்கு அப்படி எல்லாம் ஓய்ந்து எழுந்தபோது பதினொன்றை வேறு எதுவோ வாங்கிக்கொண்டது. ஐந்து கம்ப்யூட்டரையும் அவர் ஒரே அச்சில் வார்த்திருந்ததால், நகல் போடுகிற அறை எல்லாவற்றிலும் ஒரே பெயரில் இருந்தது. வந்த சரக்கை அது சத்தமில்லாமல் இறக்கி வைத்துக்கொண்டது. இன்று காலை நான் மெயினை இறக்கி ஏற்றச் சொன்னதில், சுவிட்ச் போட்டபடியே இருந்த ஊமை முந்திக்கொண்டு பழைய நம்பரைப் பிடித்துவிட்டது. நடுவில் இருந்தவன் யார் என்பதற்கு இப்போது தடயமில்லை.

"பூஜை முடிஞ்சு மொதல்ல எத்த ஆன் பண்ண?" என்று தயாளனைக் கேட்டார்.

தயாளன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"சொல்லு மாமே. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"மரியாதிக்கு மொதலாளி ரூம்புதான் சார் மொதல்ல. வேற எத்தப் போட முடியும்?"

எல்லாருடைய தலையும் என் அறைக் கதவுப் பக்கம் திரும்பியது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்பது கம்பெனியின் சட்டம். அதற்குள் என் சொந்த டிசைன்கள் இருக்கின்றன என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பார்ட்டிகள் வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மவுஸில் கை வைத்து, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். திரை என் பக்கம் மட்டும் தெரியும்படி மேஜையைப் போட்டிருந்தேன். உள்ளே ஒரு டிசைனும் கிடையாது. எனக்கு அம்பை நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். காலையில் தயாளன் போடுவான், ஊதுபத்தி காட்டுவேன், மாலையில் அவனே அணைப்பான்.

உள்ளே முக்கியமான டிசைன் இருக்கிறது, திறக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். முப்பத்தேழு டிராயிங் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். ஸ்டெல்லா கதவருகே நின்றாள். அவள் பதினைந்து நாளும் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு வேலை பார்த்தவள். கடைசியில் நான்தான் கதவைத் திறந்தேன்.

ரிட்டன் மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் தட்டினார். திரையில் வரிசையாக ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. முப்பத்தேழும் இருந்தன. கடைசித் திருத்தம் முந்தின நாள் நாலரை மணி வரைக்கும், அதற்குப் பிறகு ஸ்டெல்லா செய்தது ஒரு மணி நேர வேலைதான். வந்து இறங்கிய நகல்களைத் தவிர அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதுவுமே இல்லை என்பதையும் அவர் பார்த்துவிட்டார்.

"ஆறாங் கிளாஸ்யா நானு" என்றேன். அதற்கு முன் யாரிடமும் அந்தக் குரலில் பேசியதில்லை.

அவர் சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தார். "காலியா இருந்ததாலதான் மொதலாளி இத்தினியும் தாங்கிச்சு. வேற எதுலயாவது போயிருந்தா, எடம் இல்லாம நாலாம் நாளே நின்னிருக்கும்."

கதவைத் திறந்து வெளியே இருந்தவர்களிடம் சொன்னார்: "கெடச்சிருச்சு. மொதலாளி டிசைனுக்கும் ஒண்ணும் ஆவல, எல்லாம் பத்திரமா கீது."

பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன். எங்கே கற்றுக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறமும் டீ குடிக்கவில்லை. ஸ்டெல்லாவை ஒவ்வொரு டிராயிங்காகத் திறந்து அளவு சரிபார்க்க வைத்தார். ஊமைக்குப் பதினொன்றாம் நம்பரை நிரந்தரமாக்கி, டோக்கன் வரிசையிலிருந்தே அதை எடுத்துவிட்டார். புது நம்பர் கொடுத்தால் ஐந்து கம்ப்யூட்டரிலும் போய் மாற்றி எழுத வேண்டும், பழையதையே பட்டா போட்டுக் கொடுத்தால் ஒன்றையும் தொட வேண்டாம் என்றார். மிஷினுக்கு அடிக்கிற பெயின்டில் பெட்டியின் நெற்றியில் 11 என்று எழுதினார். நாலரை மணிக்கு எல்லாரையும் அதன் முன்னால் நிற்க வைத்தார். பச்சை விளக்கு சிமிட்டியது. மறுநாள் அதிகாரி வந்தார், டிராயிங்கைப் பார்த்தார், ஆர்டர் எங்களுக்கே.

இப்போது ரிட்டன் ஆவடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். ஸ்டெல்லாவின் மகள் அங்கே படித்தாள். இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்கிறாராம். டோக்கன், ஊமை, தயாளன் எல்லாம் வருகிறதாம். ஆனால் டிராயிங் எங்கே கிடைத்தது என்ற இடம் வந்ததும், 'யாரும் பயன்படுத்தாமல் ஏதோ ஒரு மூலையில் கிடந்த கம்ப்யூட்டர்' என்று சொல்லித் தாண்டிவிடுகிறாராம். யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால், மறந்துவிட்டது என்பாராம். எதையும் மறக்காத ஆள்.

ரிட்டன், இந்தப் பத்திரிகையை நீ வாங்குவாய் என்று தெரியும், அதனால் இங்கேயே சொல்கிறேன். அது மூலையில் கிடக்கவில்லை. என் அறையில், என் மேஜை மேல் இருந்தது. அதை முதலில் போடச் சொன்னது நான். காலியாக வைத்திருந்ததும் நான். முப்பத்தேழு டிராயிங்கையும் பதினைந்து நாள் காப்பாற்றியதில் எனக்குப் பங்கு இருக்கிறது; அதை விட்டுவிட்டுக் கதை சொல்ல உனக்கு உரிமையில்லை. நீ எனக்காக மறைத்ததெல்லாம் போதும்யா. அடுத்த வகுப்பில் என் பெயரைச் சொல்லு.