சொல்வழி கேளாத நாலு குண்டுகள்

"பிரிட்ஜை நிப்பாட்டுங்கோ!" மேல்மாடிச் சின்னறையிலிருந்து அருள்மலர் கத்தினாள்.

"ஏன்?" என்றார் குசினியில் நின்ற புவனேந்திரன்.

"அது உறுமேக்கை என்ர தராசு நடுங்குதப்பா."

லண்டன் ஹரோவில் மனைவி சொல்லி எதையாவது நிறுத்தாத கணவன் இல்லை. அவரும் நிறுத்தினார்.

அருள்மலர் ஆஸ்பத்திரி மருந்தாளர். இருபது வருடமாகக் குழந்தைகளுக்கான மருந்தை மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் றைபிள் சுடுவாள். அதற்கு வேண்டிய தோட்டாக்களையும், லைசென்ஸ் எடுத்து, வீட்டிலேயே தானே செய்வாள். சுட்ட தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதைத் துடைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கோதின் வாயில் குண்டை அழுத்திப் பொருத்தவேண்டும்.

ஆனால் மூன்று மாதமாக என்னவோ பிழைத்துப் போயிருந்தது. ஐந்து சுட்டால் இலக்குத் தாளின் நடுவில் ஒரே ஓர் ஓட்டை. மற்ற நாலும் திசைக்கொன்று. அணித் தேர்வுக்கோ இன்னும் மூன்று ஞாயிறுதான் இருந்தது.

"ஒரே கை, ஒரே மருந்து. ஒண்டு மட்டும் ஏன் சொல்வழி கேக்குது?" அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதென்று முடிவெடுத்தாள்.

பிரிட்ஜ் நின்றதில் தராசு அசையவில்லை. மீன் நாறியது. ஞாயிறன்று நாலு ஓட்டைகளும் நடுவிலிருந்து இன்னும் விலகின.

"சூடு கூடினா மருந்து மாறும்," என்று வீட்டு ஹீற்றரை நிறுத்தினாள். புவனேந்திரன் ஜக்கெற்றோடு சோறு சாப்பிட்டார். கோதுகளையும் நிறைவாரியாகப் பிரித்தாள். அடுத்த ஞாயிறு, ஒரு ஓட்டை தாளின் ஓரத்துக்கே போய்விட்டது.

அவளுக்குப் பக்கத்தில், எட்டாம் நம்பர் இடத்தில் படுத்திருந்து சுடும் செபமாலைமுத்து அண்ணை ஆறுதல் சொன்னார். தோர்ண்டன் ஹீத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிற மனிதர். நாளுக்கு நாலு தோட்டாதான். அதற்குமேல் மனைவி அனுமதிப்பதில்லை.

"தங்கச்சி, நான் தாளைப் பாக்கிறதேயில்லை. சத்தத்தைக் கேட்டாலே எனக்குச் சந்தோசம்."

"எனக்குக் காரணம் தெரியவேணும் அண்ணை."

கடைசிக் கிழமை குண்டு பொருத்தும் ஆழத்தை ஒரு மயிரிழை மாற்றினாள். அவள் நிறுக்கும்போது புவனேந்திரன் படியேறவும் கூடாது. அவர் அரை மணித்தியாலம் நடுப்படியில் ஒற்றைக்காலில் நின்றார்.

தேர்வு நாள். வழக்கமான ஏழாம் நம்பரில் படுத்தாள். மூச்சை அடக்கி ஐந்தும் சுட்டாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். தாளின் நடுவில் ஓரம் கிழிந்த ஒரேயொரு ஓட்டை. வேறொன்றுமில்லை.

"நாலு குண்டு தாளிலையே படேல்லையப்பா!"

துணைக்கு வந்திருந்த புவனேந்திரனும் எட்டிப் பார்த்தார். "விடுமப்பா. பிரிட்ஜையாவது திருப்பிப் போடுவம்."

அவள் எழுந்து நேரே பதிவு மேசைக்குப் போனாள். தேர்வுப் பட்டியலில் தன் பெயரைத் தேடி, வெட்டுவதற்குப் பேனையை வைத்தாள்.

அப்போது செபமாலைமுத்து அண்ணை வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"தங்கச்சி, கண்ணிலை விழுந்த பூவைப் போன கிழமை எடுத்துப்போட்டாங்கள்! இண்டைக்குத்தான் நம்பர் வடிவாத் தெரியுது. நான் இவ்வளவு நாளும் உங்கட ஏழாம் நம்பர் தாளுக்கெல்லே அடிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்! அந்த நாலு ஓட்டையும் என்ர!"