ராஜம்மா அக்காவின் சீராப் தண்ணீர்

பெருமதிப்பிற்குரிய செல்லப்பன் அத்தான் அவர்களுக்கு,

பத்து பாகாட் ஊரிலிருந்து தங்கராஜு பணிவுடன் எழுதுவது. நானும் சாந்தினியும் மகள் லோஷினியும் இங்கே சுகம். கெலாங் பாத்தாவில் நீங்களும் என் அக்காவும் சுகமாக இருக்கிறீர்கள், உங்கள் கால் புண் முழுதும் ஆறிவிட்டது என்று சேதி வர வேண்டும் என வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். முதல் வரியைப் படித்துவிட்டு நீங்கள் கட்டைவிரல் படம் போட்டுவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் ராஜம்மா அக்கா உங்கள் சித்தப்பா மகள் என்றும் பாராமல் நான் அவரை அவமானப்படுத்திவிட்டதாக உங்களுக்குச் செய்தி வந்திருக்கிறது. அது உண்மைதான். ஆனாலும் நடந்ததை முழுவதும் கேளுங்கள்.

போன வருடம் ஜொகூர் பாரு மருத்துவமனையில் உங்கள் இரண்டு கால்விரல்களை எடுத்த அன்று நான் கட்டிலருகே நின்றேன். சீனியை இளவயதிலேயே குறைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. பத்து மாதம் கழித்து ஒருநாள் லோஷினியைக் கூப்பிடப் பள்ளிக்குப் போனால், அவள் சீனிப்பாகு கரைத்த சிவப்பு சீராப் தண்ணீரில் இரண்டாவது குவளையைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். பத்து வயதுதான் ஆகிறது. அந்த மாதப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, பிள்ளைகள் குடிக்கும் பானத்தில் சீனி அதிகம், இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசி உட்கார்ந்தேன். யார் பொறுப்பெடுப்பது என்று தலைமையாசிரியர் கேட்டபோது எல்லாரும் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று நான் கையைத் தூக்கினேன். கைதட்டி என்னைச் சத்துணவுக் குழுவின் தலைவராக்கிவிட்டார்கள்.

தலைவரான பிறகு சும்மா இருக்க முடியுமா? ஒரு திங்கட்கிழமை ராஜம்மா அக்காவிடம் சீராப் வேண்டாமென்று சொல்லிவிட்டு, நானே சீனி போடாத பார்லி காய்ச்சி இருநூறு குவளை ஊற்றி வைத்தேன். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டு, மிக மரியாதையாக, "அங்கிள், எனக்குக் காய்ச்சல் இல்ல" என்று சொல்லிக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான். மற்றவர்கள் அந்த மரியாதைகூட இல்லாமல் பூந்தொட்டிகளில் ஊற்றினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலைச் சபைகூடலில், ஒரு பிள்ளை ஒரு மாதத்தில் சீராப்பில் குடிக்கும் சீனி இவ்வளவு என்று ஒரு பெரிய போத்தலைத் தூக்கிக் காட்டினேன். ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பி ராஜம்மா அக்காவைப் பார்த்தார்கள். அவர் கையில் கரண்டியோடு நின்றார். அடுத்த நாள் சிற்றுண்டிச்சாலை திறக்கவில்லை. அன்று சத்துணவுக் குழு சமைத்துக் கொடுத்த வறுத்த மீ நூடுல்ஸைப் பற்றி எழுத வேண்டாம். மூன்று பிள்ளைகள் அழுதார்கள் என்பது மட்டும் போதும்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். தேநீர் கொடுத்தார். அதில் சீனி இருந்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பிறகு சொன்னார்.

"தம்பி, அண்ணன் காலைப் பாத்துட்டு வந்த மறுநாளே நான் ஒரு கரண்டி சீனி குறைச்சேன். மாசம் ஒரு கரண்டி. பதினோரு மாசமா ஒரு பிள்ளைக்கும் தெரியாது. நாக்குக்குத் தெரியாமதான் குறைக்கணும். நீங்க போத்தலைத் தூக்கிக் காட்டிட்டீங்க. இனி நான் வெறும் தண்ணி குடுத்தாலும் அதுங்க மோந்து பாக்கும்."

அத்தான், எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதே கட்டிலருகே என்னைப் போலத்தான் அவரும் நின்றிருக்கிறார். அவர் வேலையைத் தொடங்கிவிட்டார், நான் கூட்டத்தில் பேசினேன். கண் கலங்க மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை, இரண்டு நாள் முன்பு தூக்கிக் காட்டிய போத்தலைப் பற்றிப் பிள்ளைகள் முன்னாலேயே, "தப்பு என்னுடையது" என்று சொன்னேன். ராஜம்மா அக்கா திரும்பி வந்துவிட்டார். இப்போது புதன்கிழமைகளில் நான் குவளை கழுவுகிறேன். சீராப் சிவப்பாகவே இருக்கிறது. சீனி மட்டும் பழைய அளவில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் மறந்துவிட்டுக் குடிக்கிறார்கள், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் என்னிடம் அவர் முன்போல முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் ஒருமுறை அழைத்து, தங்கராஜு திருந்திவிட்டான், அவனை நம்பலாம் என்று சொன்னால் அவர் மனம் ஆறும்.

உங்களோடு இருக்கும் என் அக்காவுக்கு எங்கள் அன்பு. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல நடையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
தங்கராஜு

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வகுப்பாசிரியை அழைத்தார். லோஷினியின் பென்சில் பெட்டி நிறையச் சீனியாம், கூடவே ஒரு சிறு கரண்டியாம். சீராப் சப்பென்று இருப்பதாகப் பாதி வகுப்பு இரண்டு வாரமாக அவளிடம்தான் வந்து கலந்துகொள்கிறது. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆசிரியை கேட்டதற்கு, "எங்கப்பாதான டீச்சர் தலைவரு, யாரும் என் பெட்டியத் தெறந்து பாக்க மாட்டாங்க" என்றாளாம். ஆகவே அத்தான், ராஜம்மா அக்காவை இப்போதைக்கு அழைக்க வேண்டாம். நானே நேரில் போய்ச் சொல்கிறேன்.