பிரபு வீட்டுக் குளத்தில் மூன்று முழுக்கு

கடல் தாண்டிப் போய்வந்தவர்கள் அங்கே கண்டதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நான் அங்கே போய்க் குளித்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிறவன். மானம் போன கதைதான். இருந்தாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

1914-ஆம் வருஷத்து யுத்தத்துக்கு முந்தைய சங்கதி. கல்கத்தாவில் சரவிளக்கு இறக்குமதி செய்யும் கம்பெனியில் எனக்கு உத்தியோகம், காளிகாட்டில் ஜாகை. பொஹீமியாவில் (இப்போது செக்கோஸ்லோவாக்கியா என்று வாய் சுளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்) ஒரு பிரபுவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. அதன் ஏஜென்சியை வாங்கிவர என்னை அனுப்பினார் எங்கள் கம்பெனி துரை. கிடைத்தால் டிபார்ட்மெண்டுக்கு நான்தான் தலைவன். கிடைக்காவிட்டால் பழைய நாற்காலி, அதுவும் காலியாக இருந்தால்.

புறப்படும்போது என் மனைவி கமலா கண்டிப்பாகச் சொன்னாள்: "ஏஜென்சி கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி. ஆசாரம் கெட்டுதோ, ரயிலை விட்டு இறங்கி ஹவுரா ஸ்டேஷனிலேயே இருந்துக்கோங்கோ. பாலம் தாண்டி வர வேண்டாம்."

குன்றின்மேல் இருந்த தம் கோட்டையைப் பிரபுவே எனக்குச் சுற்றிக் காட்டினார். நல்ல இங்கிலீஷ் பேசினார்.

"இதைக் கட்டியவர் வழிப்பறிக்காரர்," என்றார், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களில் முதலாவதைக் காட்டி. "அவர் பேரன் சீட்டாடித் தோற்றான். ஜெயித்தவன் ராஜத்துரோகம் பண்ணித் தலையைக் கொடுத்தான். சக்கரவர்த்தி கோட்டையைப் பறித்து ஒரு தளபதிக்குக் கொடுத்தார். தளபதியின் விதவையிடமிருந்து எங்கள் வம்சத்து ஆள் வாங்கினார், பீர் காய்ச்சிய காசில்."

வங்காளத்து ஜமீன்தார் யாரும் இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் கோட்டைக்குள்ளேயே இருந்த சிறு மாதா கோயிலுக்கு வந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். மரியாதைக்காக, "இவர்களெல்லாம் இப்போது எங்கே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"உங்கள் காலுக்குக் கீழே," என்றார் பிரபு. "பெரியப்பா போன வாரம்தான் வந்து சேர்ந்தார். வாருங்கள், சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்."

மயானத்தை மிதித்துவிட்டுக் குளிக்காமல் சாப்பிட உட்காருவதா? (வேகவைத்த உருளைக்கிழங்கால் ஆசாரம் கெடாது என்று கப்பலிலேயே தீர்மானித்திருந்தேன். இதற்கு அப்படி ஒரு தீர்மானம் கைவசம் இல்லை.) பிரபுவிடம் கேட்கலாமென்றால், 'உங்கள் பெரியப்பாவால் எனக்குத் தீட்டு' என்று எப்படிச் சொல்வது? வேலைக்காரனிடம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுபோல் சைகை காட்டினேன். அவன் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஜன்னல் வழியே மீன் வளர்க்கும் குளம் தெரிந்தது. நைசாக வெளியே போனேன். கோட்டு, தலைப்பாகை இரண்டையும் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். ஓரத்தில் பனி உறைந்திருந்தது. பல் தந்தியடித்ததில் சங்கல்பம் பாதிதான் வெளியே வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முழுக்குப் போட்டபோது யாரோ என் குடுமியைப் பிடித்தார்கள்.

பிடித்தவன் தோட்டக்காரன். நான் சாக வந்தவன் என்று நினைத்துவிட்டான், பாவம். நான் கத்தக் கத்த இன்னும் பலமாக இழுத்தான். கீரைக்கட்டைப் போல என்னைக் கரையில் போட்டான்.

பிரபு மூச்சிரைக்க ஓடிவந்தார். "எங்கள் கோட்டைக் கதை அவ்வளவு சகிக்கவில்லையா?" என்றார்.

ஏஜென்சி போயே போச்சு என்று நினைத்தேன். இனி மறைத்து என்ன பிரயோசனம்? "உங்கள் வீட்டில் சாவு. அடக்கம் பண்ணின இடத்தை மிதித்துவிட்டு நாங்கள் தலைமுழுகாமல் சாப்பிடமாட்டோம்," என்றேன் நடுங்கிக்கொண்டே.

"பெரியப்பாதான் என்னை வளர்த்தவர்," என்றார் பிரபு. "அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அன்றைக்கே விருந்து சாப்பிட்டுவிட்டுச் சொத்துப் பேச்சுப் பேசினார்கள்."

பிறகு தம் மேலங்கியைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டார். அந்த அங்கியோடுதான் ஏஜென்சிக்குக் கையெழுத்துப் போட்டேன். ஈரக் குடுமியை அவ்வளவு பெருமையாகத் தட்டி முடிந்தவன் அன்றைக்கு ஐரோப்பாவிலேயே நான் ஒருவன்தான்.

யுத்தம் முடிந்தபின் எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் அந்தக் கோட்டைக்குப் போய்வந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு வழிப்பறிக்காரரையும் தளபதியையும் காட்டிவிட்டு, இப்போது குளத்துக்கும் கூட்டிப்போகிறார்களாம். பிரபுவின் பெரியப்பா காலமான துக்கம் தாங்காமல் கல்கத்தா மகாராஜா ஒருவர் விழுந்த இடம் இது என்று சொல்கிறார்களாம்.

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. குளிக்கப் போன இடத்தில் கொஞ்சம் தாமதித்தால் போதும், கமலா பிள்ளைகளை அனுப்பிவிடுகிறாள்:

"மகாராஜாவுக்கு இன்னும் துக்கம் தீரலையான்னு பாரு. தீரலேன்னா குடுமியைப் பிடிச்சு இழுத்துண்டு வா, சாதம் ஆறிப்போறது."