பூதக்கண்ணாடி அக்கா பார்க்காத ஸ்லைடு

என் மருத்துவக் கோப்பில் ஒரு லேப் சீட்டு இருக்கிறது. பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். வெள்ளைப்படுதல் பரிசோதனை. முடிவு எழுத வேண்டிய கட்டத்தில் ஒரே வரி: "மருந்துத் தண்ணிதான் தெரிகிறது. ஆளைத் திரும்ப அனுப்பவும்."

எழுதியவர் பூதக்கண்ணாடி அக்கா. திண்டுக்கல்லில் கர்ப்பிணிகளை அதிகம் அழவைத்தவர் என்ற பெருமை அவருக்கே உரியது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தனியார் லேபில், மைக்ராஸ்கோப்போடு ஒட்டியே பிறந்தவர் போல உட்கார்ந்திருப்பார். அவர் ரகசியம் பேசினால் மலைக்கோட்டை உச்சியில் கேட்கும்.

எனக்கு அப்போது ஐந்து மாதம், இரண்டாவது பிள்ளை. கூட மாமியார். கணவர் வெளியே பெஞ்சில், மற்றக் கணவர்களோடு.

"ஏந்தாயி, உள்ள என்னத்த ஊத்திக் கழுவுன?"

பெஞ்சில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் அவசர வேலை வந்தது.

"மருந்துத் தண்ணிக்கா. டாக்டரம்மா மூஞ்சியச் சுளிக்கக் கூடாதுல்ல?"

"நீ டெஸ்டுக்கு வந்தியா, பொண்ணு பாக்க வாராகன்னு சிங்காரிச்சு வந்தியா? உள்ள நல்ல கிருமின்னு ஒரு காவக்காரக் கூட்டம் இருக்கு. அது புளிப்பா வச்சிருக்கவரைக்கும் கெட்டது லேசுல அண்டாது. நீ காவக்காரன வெரட்டிட்டு, கதவயும் தொறந்து போட்டு வந்திருக்க!"

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "தயிர்லயும் அந்தச் சாதிக் கிருமிதான்னு போன்ல சொல்றாக. ஒரு சொம்பு குடிக்கச் சொல்லட்டா?"

"குடிக்கட்டும். வயித்துக்கு நல்லது. அது வழி கேட்டுக் கீழ வந்து சேரும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

முதல் பிள்ளையின்போது, வாடை அடிக்கிறது என்று நான் மூன்று பேரிடம் சொன்னேன். மாமியார் உடம்புச் சூடு என்றார். நர்ஸ் எல்லாருக்கும் உள்ளதுதான் என்றார். கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். எந்தெந்த நாள் என்பது என் டைரியில் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் இன்னும் அதிகமாகக் கழுவினேன். ஏழாம் மாதம் பிறந்தவன் ஆறு மணி நேரம் இருந்தான். பெயர் வைக்கவில்லை, நேரத்தை மட்டும் குறித்து வைத்தேன்.

இந்த முறை மூன்று நாள் மருந்துத் தண்ணீரைத் தொடாமல் மறுபடி போனேன். கெட்ட கிருமி பெருகியிருப்பதை அக்கா கண்டு எழுதினார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மகள் நாள் நிறைந்து பிறந்தாள். மாமியார் தாடிக்கொம்புப் பெருமாளுக்கு நன்றி சொன்னார், கணவர் டாக்டருக்கு.

லட்டோடு லேபுக்குப் போனவள் நான் மட்டும்தான். ஸ்டூல் காலி. ஆபாசமாகப் பேசுகிறார் என்று புகார் வந்து அக்காவை நிறுத்திவிட்டார்களாம். புகார் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். மூன்றாவது புகாரில் என் கணவரின் கையெழுத்து. தேதி, அதே பங்குனிச் செவ்வாய்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அந்த இரண்டாவது ஸ்லைடு அன்றுதான். அன்று நான் கேட்டேன்: "மொதப் புள்ள நான் கழுவுனதாலதான் போச்சாக்கா?"

முதன்முறையாக அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். முதன்முறையாகக் குரலும் தாழ்ந்தது. என் மடியில் இருந்த டைரியைப் பார்த்தார்.

"அந்த ஸ்லைடு எங்கிட்ட வரலயே தாயி. பாக்காதத நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாத."

அவன் போன காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. டைரியில் அந்த இடத்தில் நான் எதையும் எழுதவில்லை அக்கா.